தண்ணியில்லாக் காட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: கண்மாய், கடல், கொஞ்சம் கைவேலை

ராமநாதபுரத்துக்கு மாற்றல் என்று சொன்னால் சொந்தக்காரர்கள் துக்கம் விசாரிப்பதுபோல் விசாரிப்பார்கள். "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்" என்று அந்தக் கால மேலதிகாரிகள் மிரட்டியது இந்த மாவட்டத்தை வைத்துத்தான். நானும் அப்படி ஒரு மாற்றலில், ஒரு தை மாதக் கடைசியில், இரண்டு பெட்டியும் நாலு குடமுமாக வந்து இறங்கியவன். குடங்களைப் பார்த்து வீட்டுக்காரம்மா சிரித்தார். மறுநாள் காலை டீ குடிக்கப் போனவன், சக்கரக்கோட்டைக் கண்மாய்க் கரையில் சும்மா ஏறிப் பார்த்தேன். பாசன ஏரியை இங்கே கண்மாய் என்பார்கள். எதிர்க்கரை வரைக்கும் தண்ணீர். நடுவில் முழங்கால் நனைய நிற்கும் கருவேல மரங்கள். மரத்துக்கு மரம் கூழைக்கடாக்கள். டீயை மறந்துவிட்டேன்.

வங்கி, பள்ளி, ஆஸ்பத்திரி என்று ஏதோ ஒரு வேலையாக இந்தப் பக்கம் வந்து, சனி ஞாயிறு எங்கே போவதென்று தெரியாமல் அறையில் செல்போனைத் தேய்த்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஊர் சுற்றவும் வேண்டும், ஊருக்கு ஏதாவது செய்யவும் வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இன்னும் உதவும். நான் முதல் வருடம் இரண்டையும் தலைகீழாகச் செய்தேன்.

எந்த மாதம்?

பஞ்சாங்கப்படி இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். அதை நம்பிப் பையைத் தூக்காதீர்கள். அதற்குள் பல கண்மாய்கள் வற்றிப் பாளம் பாளமாக வெடித்திருக்கும், பறவைகளும் குஞ்சுகளோடு கிளம்பிப் போயிருக்கும். இங்கே வெளியில் திரிவதற்கு ஏற்ற காலம் தை பாதியிலிருந்து பங்குனி முடியும் வரை, அதாவது ஜனவரி கடைசி முதல் ஏப்ரல் முதல் பத்து நாள் வரை.

காரணம் மழை. இந்த மாவட்டத்துக்குப் பெரும்பாலான மழையை அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவம்தான் தருகிறது. அதில் கண்மாய் நிறையும், மீன் பெருகும், பறவைகள் கூடு கட்டும். மாசியில் குஞ்சுகள் இறக்கை அடிக்கப் பழகும். அதே நேரத்தில் வயலில் மிளகாய் பழுக்கும். காயவைத்த முண்டு மிளகாய் சாலையோரமெல்லாம் சிவப்பு ஜமுக்காளம் விரித்ததுபோல் கிடக்கும். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய் அது. வண்டியை அதன்மேல் ஏற்றிவிடாதீர்கள். திடீரென்று தூறல் போட்டால் வண்டியை நிறுத்திவிட்டு, தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்து இழுத்துக் கொடுங்கள். எனக்கு இந்த ஊரில் கிடைத்த முதல் சிநேகிதம் அப்படி வந்ததுதான்.

கடலுக்கும் இந்த மாதங்கள்தான் நல்லவை. இங்கே கடல் இரண்டு. வடக்கே பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்றும், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் மீனவர்கள் சொல்வார்கள். மண்டபத்தில் ஒரு கடலிலிருந்து இன்னொன்றுக்குச் சைக்கிளிலேயே போய்விடலாம். வடகிழக்குப் பருவத்தில் வாடைக் காற்று பெண் கடலைக் கலக்கும். வைகாசிக்குப் பிறகு தென்மேற்குக் காற்று ஆண் கடலைப் புரட்டும். மாசியிலும் பங்குனியிலும் இரண்டும் ஓரளவு அடங்கியிருக்கும்.

முதல் இரண்டு வாரம் சும்மா இருங்கள்

வந்தவுடனே குழு சேர்க்காதீர்கள், பனியன் அச்சடிக்காதீர்கள். உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு கண்மாயையோ ஒரு கடற்கரை ஊரையோ தேர்ந்தெடுத்து மூன்று முறை போய்ப் பாருங்கள். ஒரு முறை விடியற்காலையில், ஒரு முறை சாயங்காலம், ஒரு முறை ஊரில் ஏதாவது விசேஷம் நடக்கும்போது. போகும்போது கொஞ்சம் சொற்களையும் பழகிக்கொள்ளுங்கள். மழைத்தண்ணீர் கண்மாய்க்குள் வரும் வழி வரத்துக்கால். வயலுக்குத் தண்ணீர் விடுவது மடை. நிறைந்த தண்ணீர் வழிவது கலுங்கு, வழிந்து ஓடுவது மறுகால். முறை வைத்து வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவருக்குப் பல ஊர்களில் நீர்பாய்ச்சி என்று பெயர். "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்று ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாயைச் சொல்வார்கள். ஒரே மூச்சில் நாரையால்கூடத் தாண்ட முடியாத அகலம், நாற்பத்தெட்டு மடை. டீக்கடையில் இந்த வாசகத்தைச் சொல்லிப் பாருங்கள், பக்கத்து பெஞ்சுக்காரர் கதை சொல்லத் தொடங்கிவிடுவார்.

ஊருணி வேறு, கண்மாய் வேறு. இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். ஊருணி குடிதண்ணீருக்கு. அதில் கால் நனைக்கக் கூடாது, கரையில் செருப்போடு ஏறக் கூடாது. முகம் கழுவலாமே என்று நான் இறங்கப் போனபோது, குடத்தோடு நின்ற ஒரு அப்பத்தா, "தம்பி, அது நாங்க குடிக்கிற தண்ணியப்பு" என்றார். சத்தம்கூடப் போடவில்லை. எனக்கு அன்று முழுக்க முகம் எரிந்தது.

கண்மாய்க் கரையில் அய்யனார் கோவிலோ கருப்பசாமியோ இருக்கும். செருப்பைக் கழற்றுங்கள், படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள்.

பறவை பார்க்க

இந்த மாவட்டத்தில் பறவைகள் சரணாலயங்களாக அறிவிக்கப்பட்டவை பெரும்பாலும் விவசாயக் கண்மாய்கள்தான். கம்பி வேலியும் டிக்கெட் கவுண்டருமாக எதையோ எதிர்பார்த்துப் போனால், மாடு மேயும் ஒரு கரைதான் உங்களை வரவேற்கும். சக்கரக்கோட்டை ராமநாதபுரம் நகரை ஒட்டியே இருக்கிறது. தேர்த்தங்கல் நயினார்கோவில் பக்கம். சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் முதுகுளத்தூர்ப் பகுதியில். மேலச்செல்வனூர், கீழச்செல்வனூர் கண்மாய் சாயல்குடிப் பக்கம். 593 ஹெக்டேர், தமிழ்நாட்டின் பெரிய பறவைகள் சரணாலயங்களில் ஒன்று. சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022-இலும், சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் 2025-இலும் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன.

புதிதாக வந்தவர் முதலில் எங்கே போவது என்று கேட்டால் தேர்த்தங்கல் என்பேன். 30 ஹெக்டேருக்கும் குறைவான சின்னக் கண்மாய். கரையில் நின்றாலே கூடுகள் கண்ணுக்குத் தெரியும், பைனாகுலர் இல்லாமலே பாதி பார்த்துவிடலாம். மேலச்செல்வனூரை இரண்டாவது மூன்றாவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே தூரம் அதிகம், கண் பழக வேண்டும்.

காலை ஆறு மணிக்குக் கரையில் இருங்கள், ஒன்பதரைக்குக் கிளம்பிவிடுங்கள். முதல் நாள் எல்லாமே கொக்காகத்தான் தெரியும், பரவாயில்லை. அலகைப் பாருங்கள். அலகுக்குக் கீழே பை தொங்கினால் கூழைக்கடா. மஞ்சள் அலகும், வாலோரம் ரோஸ் நிறம் தடவியதுபோலும் இருந்தால் மஞ்சள்மூக்கு நாரை. அலகு அகப்பைபோல் தட்டையாக இருந்தால் கரண்டிவாயன். அரிவாள்போல் வளைந்திருந்தால் அரிவாள்மூக்கன். இரண்டு அலகுக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் நத்தைகுத்தி நாரை. கழுத்து மட்டும் பாம்புபோல் தண்ணீருக்கு மேலே நீண்டு வந்தால் பாம்புத்தாரா. இந்த ஆறு தெரிந்தால் போதும், மீதி தானாக வரும்.

கூடு இருக்கும் மரத்தடிக்குப் போகாதீர்கள். ஆள் நெருங்கினால் தாய்ப்பறவை எழும்பிவிடும். அந்தப் பத்து நிமிடத்தில் குஞ்சு வெயிலில் வாடும், காக்காய் வேறு காத்திருக்கும். கை தட்டிப் பறக்கவிட்டுப் படம் எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் ரத்தம் கொதிக்கும். பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் வேட்டங்குடிப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடி போடுவதில்லை. நாம் கையையாவது சும்மா வைத்திருக்கலாம். எச்சம் விழுந்த கண்மாய்த் தண்ணீர் நெல்லுக்கு உரம் என்பதால் இங்குள்ள விவசாயிகளுக்கும் இந்தப் பறவைகள் வேண்டியவைதான்.

இதையே ஊர்ச்சேவையாகவும் மாற்றிக்கொள்ளலாம். வனத்துறை ஆண்டுதோறும் ஒருங்கிணைந்த பறவைகள் கணக்கெடுப்பு நடத்துகிறது. ஈரநிலப் பறவைகளை வழக்கமாக ஜனவரியை ஒட்டியும், நிலப்பறவைகளைப் பிப்ரவரி, மார்ச்சிலும் எண்ணுவார்கள். ராமநாதபுரத்தில் உள்ள வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் முன்கூட்டியே பெயர் கொடுத்து வைத்தால் கூப்பிடுவார்கள். பறவை தெரியாதே என்று தயங்காதீர்கள். தெரிந்தவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ள ஒரு ஆள் எப்போதும் தேவைப்படும். நான் இரண்டு வருடம் வெறும் எழுத்தர்தான்.

கையில் என்ன வேண்டும்? தொப்பி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு துண்டு, ஆதார் நகல். காலுக்குக் கனமான அடிப்பாகம் உள்ள ஷூ. சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு பாதத்துக்கே வந்துவிடும். வண்டி டயரையும் விடாது, அதனால் காற்றடிக்கும் பம்பையும் பஞ்சர் ஒட்டும் சாமானையும் பெட்டியில் வைத்திருங்கள். கண்மாய்க்குள் குளிக்க இறங்க வேண்டாம். சவுடு மண் அள்ளிய பள்ளங்கள் தண்ணீருக்கு அடியில் எங்கே இருக்கின்றன என்பது ஊர்க்காரருக்குத்தான் தெரியும். இடுப்பளவு தண்ணீரில் நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்த அடியில் ஆள் மூழ்கும் பள்ளம் வரும்.

கடல் பக்கம்

தொண்டிப் பக்கம் காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து படகு விடுகிறார்கள், துடுப்புப் படகும் உண்டு. சதுப்பில் பென்சில் நட்டு வைத்ததுபோல் நிற்பவை அந்த மரங்களின் சுவாச வேர்கள். அவற்றை மிதித்து நடக்கக் கூடாது. உச்சிப்புளிப் பக்கம் அரியமான் கடற்கரை. பெண் கடல், சவுக்கு நிழல், குழந்தைகளோடு போக ஏற்ற இடம். தனுஷ்கோடிக்கு எல்லோரும் அரிச்சல்முனைக்கென்று போவார்கள். நான் கோதண்டராமர் கோவில் பக்கமே வண்டியை நிறுத்திவிடுவேன். அங்கே ஆழமில்லாத உப்புத் தண்ணீரில் இந்த மாதங்களில் பூநாரைகள் நிற்கும். அந்தப் பகுதியை 2025 ஜூனில் பூநாரைகள் சரணாலயமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அரிச்சல்முனையில் குளிக்க வேண்டாம். இரண்டு கடலும் சேரும் இடத்தில் இழுப்பு எந்தப் பக்கம் என்று கரையில் நிற்பவருக்குத் தெரியாது.

தீவுகளுக்கு யாராவது "வாங்க, இருநூறு ரூபாய்க்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றால் போகாதீர்கள். மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை வரிசையாக இருக்கும் 21 தீவுகளும் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. அதில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் ஏற்கெனவே கடலுக்குள் போய்விட்டன. சுற்றியிருந்த பவளப்பாறையை வெட்டி எடுத்ததும் அதற்கு ஒரு காரணம். வனத்துறை அனுமதி இல்லாமல் எந்தத் தீவிலும் இறங்க முடியாது. அதேபோல் கரையில் ஒதுங்கிய பவளத் துண்டு, கடல்குதிரை, கடல் அட்டை எதையும் அழகுக்காகக்கூட எடுத்து வைத்துக்கொள்ளாதீர்கள். வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை அவை. வழக்கு வந்தால் "தெரியாது சார்" எடுபடாது. ட்ரோன் வேண்டவே வேண்டாம். உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருக்கிறது, எல்லைக் கடல் வேறு. ஆதார் நகலை எடுத்துக்கொள்ளச் சொன்னதும் இதனால்தான், யாராவது நிறுத்திக் கேட்பார்கள். கடலில் ஆபத்தென்றால் கடலோரக் காவல் குழுமம் 1093, இந்தியக் கடலோரக் காவல்படை 1554. இரண்டையும் போனில் சேமித்துக்கொள்ளுங்கள்.

காலையில் சாயல்குடிப் பக்கம் போனால் பனையேறிகளிடம் பதனி கிடைக்கும். ஓலைப் பட்டையில் ஊற்றிக் கொடுப்பார்கள், இரண்டு கையாலும் பிடித்துக் குடியுங்கள். வெயில் ஏறிவிட்டால் புளித்துவிடும்.

பங்குனி ஆமை

மற்றவற்றையெல்லாம் விட்டுவிட்டு இந்தப் பருவத்தில் ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். பாடப்புத்தகத்தில் ஆலிவ் ரிட்லி என்று படித்த கடலாமைக்கு இந்தக் கரையில் பங்குனி ஆமை என்று பெயர். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை கரையேறும், பங்குனியில் நிறைய வரும். பெயரிலேயே காலம் இருக்கிறது. பெரும்பாலும் இரவில் ஏறி, மணலில் குடம்போல் குழி பறித்து, ஏறக்குறைய நூறு முட்டை இட்டு, மணலை மூடி, அதன்மேல் உடம்பால் தட்டிவிட்டுப் போய்விடும். திரும்பி வராது.

நாயும் நரியும் தோண்டுவதற்கு முன்னால் அந்த முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்து வைப்பது வனத்துறையின் வேலை. விடிவதற்கு முன்பே காவலர்கள் கரையோரம் நடப்பார்கள். டிராக்டர் போனதுபோல் மணலில் ஒரு தடம் கடலிலிருந்து ஏறி மறுபடி கடலுக்கு இறங்கியிருக்கும், அதுதான் அடையாளம். நீங்கள் அவர்களோடு நடக்கலாம், தனியாகப் போகக் கூடாது. மண்டபம் அல்லது கீழக்கரை வனச்சரக அலுவலகத்துக்கு நேரில் போய் அனுமதி கேளுங்கள். போனில் கேட்பதைவிட நேரில் போனால்தான் காரியம் நடக்கும். முதல் தடவை "பார்க்கலாம் சார்" என்பார்கள். இரண்டாவது வாரமும் போய் நின்றால் நம்பிக்கை வரும்.

ஐந்தாறு கிலோமீட்டர் மணலில் நடக்க வேண்டியிருக்கும், அதற்குத் தயாராகப் போங்கள். வெள்ளை வெளிச்சம் கூடாது. டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித் தாளை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிக்கொள்ளுங்கள். ஆமை கரையேறுவதைப் பார்த்துவிட்டால் அப்படியே உட்கார்ந்துவிடுங்கள். முட்டையிடுவதற்கு முன்னால் மிரண்டால் அது கடலுக்கே திரும்பிவிடும். படம், பிளாஷ், செல்பி எதுவும் வேண்டாம். முட்டையைக் கையாளுவதைத் தெரிந்தவர்களிடம் விட்டுவிடுங்கள். எடுக்கும்போது புரட்டினால் உள்ளே கரு செத்துப்போகலாம்.

45 முதல் 60 நாளில் குஞ்சு வெளிவரும். மணல் சூடு கூடினால் பெண் ஆமைகள் அதிகமாகவும், குறைந்தால் ஆண் ஆமைகள் அதிகமாகவும் பொரிக்கும் என்பது இந்த உயிரின் விசித்திரம். குஞ்சுகளைக் கடலில் விடும் காலையில் உங்களைக் கூப்பிட்டால் லீவு போட்டாவது போங்கள். குஞ்சைத் தூக்கித் தண்ணீரில் போடாதீர்கள், அது மணலில் தானாக நடந்துதான் போக வேண்டும். வெளிச்சமான திசையை நோக்கித்தான் அவை ஓடும். கரையோர விடுதியில் விளக்கு எரிந்தால் கடலை விட்டுவிட்டு ரோட்டுக்கு வந்துவிடும். விடுதிக்காரரிடம் போய்ப் பேசி, மாசி பங்குனியில் கடல் பார்த்த விளக்குகளை மட்டும் அணைக்கச் சொல்வதுகூட ஒரு சேவைதான். இரண்டு டீ செலவில் முடிகிற காரியம்.

கரையில் செத்த ஆமையையோ, ஆவுளியா என்று இங்கே சொல்லும் கடல்பசுவையோ பார்த்தால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

குப்பை பொறுக்கப் போகிறவர்களுக்கு

எல்லோருக்கும் முதலில் தோன்றும் சேவை இதுதான், தப்பு நடப்பதும் இதில்தான் அதிகம். ஒருமுறை எங்களோடு வந்த ஒரு நண்பர், மணலில் சுருண்டு கிடந்த பழைய வலையை இழுத்து மூட்டை கட்டிவிட்டார். அது குப்பை இல்லை, ஒருவர் காயப்போட்டிருந்த நண்டு வலை. அவர் ஓடிவந்து, "ஏண்ணே, என் சோத்தைக் கட்டிக்கிட்டா போறீங்க?" என்று கேட்டார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டு, அன்று முழுக்க அவர் வலையில் சிக்கு எடுத்துக் கொடுத்தோம். அப்படியும் பாதிச் சிக்கை நாங்களே புதிதாகப் போட்டுவிட்டோம்.

அதனால் முதலில் ஊர்த் தலைவரையோ மீனவர் சங்கத்து ஆட்களையோ பாருங்கள். எந்த இடத்தில், எந்த நாளில் என்று அவர்களே சொல்வார்கள். கிறிஸ்தவ மீனவர் ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை காலை வைக்காதீர்கள், பூசை இருக்கும். கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினம் பக்கம் வெள்ளிக்கிழமை நண்பகல் வேண்டாம். இப்போதெல்லாம் ரமலான் மாசி, பங்குனியை ஒட்டியே வருகிறது. நோன்பு நாட்களில் வெயிலில் வேலை வாங்கக் கூடாது. சாயங்காலம் போனால் நோன்புக் கஞ்சி கிடைக்கும், வேலை அப்புறம். சிவராத்திரி சமயம் ராமேஸ்வரம் பக்கமே போகாதீர்கள், கூட்டத்தில் நீங்களும் ஒரு ஆளாகத்தான் ஆவீர்கள். பிளஸ் டூ தேர்வு நடக்கும் மார்ச்சில் பள்ளிப் பிள்ளைகளைக் கூப்பிடாதீர்கள்.

எடுக்க வேண்டியவை: பாட்டில், பாலித்தீன், அறுந்து மணலில் புதைந்த நைலான் வலைத் துண்டு, ராமேஸ்வரம் அக்னி தீர்த்தப் பக்கமென்றால் தீர்த்தமாடியவர்கள் விட்டுப்போன துணி. விட்டுவிட வேண்டியவை: கரையொதுங்கிய கடல்புல்லும் பாசியும். பார்வைக்கு அசிங்கமாகத் தெரியும், ஆனால் மணலைப் பிடித்து வைப்பதும் சின்ன நண்டுகளுக்குச் சோறு போடுவதும் அதுதான். கரையை வீட்டு முற்றம் மாதிரி பெருக்க வேண்டியதில்லை. சேர்த்ததை அங்கேயே கொளுத்தாதீர்கள். ஊராட்சித் தூய்மைக் காவலர்களிடம் முதல் நாளே சொல்லிவைத்து, பிரித்துக் கொடுங்கள். அவர்களுக்கும் ஒரு ஜோடி நல்ல கையுறை வாங்கிக் கொடுத்தால் இன்னும் நல்லது.

கடலைக் காப்பது எப்படி என்று கரைக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகாதீர்கள். பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி கடல்பாசி எடுக்கும் பெண். பாசி எடுக்கும் பெண்களைச் சேர்த்து, எத்தனை நாள் எடுப்பது, எப்படி எடுப்பது என்று கட்டுப்பாடு கொண்டுவந்ததற்காக 2015-இல் சீகாலஜி என்ற பன்னாட்டு விருது வாங்கியவர்.

கண்மாய் வேலை

இதில்தான் நான் வசமாக மாட்டினேன். வந்த இரண்டாவது வருடம், சீமைக்கருவேலம் நிலத்தடி நீரைக் குடிக்கிறது என்று ஆவேசமாகி, இருபது பேரைச் சேர்த்து, அரிவாள் வாடகைக்கு எடுத்து, ஒரு கண்மாய்க்குள் இறங்கிவிட்டேன். பகல் பன்னிரண்டு வரை வெட்டினோம். கரையில் நின்று பார்த்த பெரியவர், "தம்பி, நல்ல காரியம். ஆனா இந்த மரத்தை ஏலம் எடுத்தவன் நாளைக்கு வந்து கணக்குக் கேப்பான்" என்றார். கண்மாய் மரங்களை ஏலம் விடுவது உண்டு, அதை நம்பிக் கரிமூட்டம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். ஏலக்காரருக்குப் பணம் கொடுத்து ஆறுதல் சொல்ல வேண்டியதாயிற்று. அதைவிடக் கொடுமை, நாங்கள் வெட்டியது அடிமரத்தை மட்டும். இரண்டு மாதத்தில் ஒவ்வொரு கட்டையிலிருந்தும் நாலைந்து கிளை வெடித்து முன்பைவிட அடர்த்தியாக நின்றது. தூரோடு பிடுங்கினால்தான் சீமைக்கருவேலம் போகும். அதிலும் பறவை கூடு கட்டியிருக்கும் கண்மாயில், கூடுகள் காலியாகும் வரை எந்த மரத்திலும் கை வைக்கக் கூடாது. நாட்டுக்கருவேலம் வேறு மரம், அதை எப்போதும் விட்டுவிடுங்கள்.

சரி, எப்படிச் செய்வது? முதலில் கண்மாய் யார் பொறுப்பில் என்று கேளுங்கள். 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள கண்மாய் நீர்வளத் துறையிடம் இருக்கும். அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடம். அப்புறம் ஊராட்சித் தலைவர், பாசன சங்கத்துக்காரர்கள். நீர்பாய்ச்சி ஒருவர் இருந்தால் அவரையே கூட்டிக்கொண்டு வரத்துக்காலில் நடங்கள். எந்த இடத்தில் தண்ணீர் அடைத்து நிற்கிறது என்று காலாலேயே காட்டுவார்.

கூட்டாகச் செய்யத் தகுந்த வேலை பெரும்பாலும் சின்னது. வரத்துக்காலில் அடைத்த பிளாஸ்டிக்கை எடுப்பது, மடைவாயில் சேர்ந்த வண்டலையும் குப்பையையும் அள்ளுவது, ஊருணிக் கரையைச் சுத்தம் செய்வது. பெரிய தூர்வாருதல் இயந்திர வேலை, அனுமதி வேலை, அதில் தலையிடாதீர்கள். வீட்டுக்கு ஒரு ஆள் வந்து கண்மாயைச் சீர்செய்யும் குடிமராமத்து இந்த ஊர்களுக்குப் புதிதில்லை. அதே பெயரில் 2017-இல் அரசு ஒரு திட்டத்தையும் தொடங்கியது. நீங்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை என்ற நினைப்போடு போனால், மண்வெட்டி பிடிக்கச் சொல்லித் தருவார்கள். எனக்குப் பிடிக்கவே தெரியாது என்பதை முதல் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள்.

மண்வெட்டி வராதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது, அது பேனா. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்திலும் மே 1-இலும் ஊராட்சிகளில் கிராம சபை கூடும். நான் வாக்காளராக இல்லாத ஊரிலும் பின்னால் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன், யாரும் எழுப்பிவிடவில்லை. வாயைத் திறக்காமல் கேட்டால் ஊரின் தண்ணீர்ச் சண்டை முழுவதும் ஒரே மணி நேரத்தில் புரிந்துவிடும். கூட்டம் முடிந்து வெளியே வரும்போது யாராவது, "சார், ஒரு மனு எழுதித் தர முடியுமா?" என்பார்கள். எழுதிக் கொடுங்கள். சர்வே எண், கண்மாயின் பெயர், என்ன பழுது, எப்போதிலிருந்து, இவ்வளவும் ஒரே பக்கத்தில். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து ரசீது வாங்கிவைக்கச் சொல்லுங்கள். நான் வெட்டிய இருநூறு கருவேலங்கட்டையைவிட, ஒரு உடைந்த மடைப் பலகைக்காக எழுதிய மூன்று மனு அதிகமாக உபயோகப்பட்டது.

ஏப்ரல் பாதிக்குப் பிறகு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. படகெல்லாம் கரையில் நிற்கும். வலை பின்னுகிறவர்கள், பெயின்ட் அடிக்கிறவர்கள் என்று கரை முழுக்க ஆள் இருக்கும். கடல்காரர்களோடு உட்கார்ந்து பேச இதைவிட நல்ல நேரம் கிடையாது. காற்றின் பெயரும் மீனின் பெயரும் நான் கற்றதெல்லாம் அந்த இரண்டு மாதங்களில்தான். வெயில் கடுமை, ஐந்து மணிக்கு மேல் போங்கள்.

இன்னும் வற்றாத கண்மாய்களில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியிருக்கும். சில ஊர்களில் நாள் குறித்து, பெரியவர் ஒருவர் கரையில் நின்று துண்டை வீசியதும் ஊரே ஊத்தாவும் கச்சாவுமாக, அதாவது மீன் பிடிக்கும் கூடையும் வலையுமாக, தண்ணீருக்குள் இறங்கும். விரால், கெளுத்தி, கெண்டை என்று கிடைத்ததை அள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். எந்த நாள் என்பதை எங்கும் அச்சடிக்க மாட்டார்கள், டீக்கடையில்தான் தெரியவரும். அன்றைக்குப் பழைய வேட்டியோ பேன்ட்டோ போட்டுக்கொண்டு, ஒரு வாளியோடு போய்க் கரையில் நில்லுங்கள். உங்களுக்கு மீன் பிடிக்கத் தெரியாது என்பது அவர்களுக்கே தெரியும், வாளியை அவர்கள் நிரப்பிவிடுவார்கள். விராலை உயிரோடு வாளியில் வைத்தால் மூடி போட்டுக்கொள்ளுங்கள், பஸ்ஸில் குதித்துவிடும்.